அணைத்த பின்னும் நின்ற பெயர்

நேற்று அறுந்தது போல இன்றும் அறுந்தால் வேலை போய்விடும். காலையில் கண் விழித்ததும் நர்சம்மாவுக்கு முதலில் நினைவு வந்தது அதுதான். கடவுளுக்குக் கைகூப்பியபோதும் அதுவே முன்னால் வந்து நின்றது.

கட்டடத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் நர்சம்மா. வார்டில் வழுக்கி விழுந்து முழங்கால் போகும்வரை மருத்துவமனையில் ஓடியாடி வேலை பார்த்தவள். இனி நின்று பார்க்கும் வேலை ஆகாது என்றானதும், ஒரு லேப்டாப்பையும் ஹெட்போனையும் கொடுத்து அவளை வீட்டிலேயே உட்கார வைத்தார்கள். சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய இதய நோயாளிகளின் மார்பில் சின்னக் கருவி ஒன்று ஒட்டியிருக்கும். அவர்களுடைய துடிப்பு அவள் திரையில் கோடாக ஓடும். கோடு தடுமாறினால் அவள் போன் செய்து பேச வேண்டும். தேவைப்பட்டால் ஆம்புலன்ஸை அனுப்ப வேண்டும். மதிய ஷிஃப்ட் அவளுடையது.

நேற்று எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் நின்றன. நின்றது யாருடைய இதயமும் அல்ல, வீட்டு வைஃபைதான். மூலையில் வைஃபை அடையாளம் நிறைந்துதான் இருந்தது, ஆனால் ஒரு துளி உள்ளே வரவில்லை. அது உயிர்பெற்றபோது, தனியாக வசிக்கும் ஒரு பாட்டு டீச்சரின் கோடு சிவந்து அடங்கியிருந்தது. வேறோர் ஊரில் உட்கார்ந்திருந்த இன்னொரு நர்ஸ் தற்செயலாகக் கவனித்ததால் அந்த அம்மாள் பிழைத்தார்.

தலைமை சிஸ்டர் கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"உன்னைக் குறை சொல்லலை" என்றார் போனில். "ஆனா நாளைக்கு இன்னொரு தடவை அறுந்தா லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்துடும்மா. உயிர் சம்பந்தப்பட்டது."

நியாயமான பேச்சுக்கு எதிர்ப்பேச்சு எங்கே இருக்கிறது? சரி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை. கணவன் வீட்டை விட்டுப் போய்ச் சில மாதங்கள் ஆகிவிட்டன. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு துணி ஆலையில் சரக்கு லிஃப்ட் அறுந்து விழுந்து, மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரின் இரண்டு கால்களும் நசுங்கின. கயிறு தேய்ந்துவிட்டது, ஓட்டக்கூடாது என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்றவர் சூப்பர்வைசர். விபத்து நடந்த பிறகு அதே சூப்பர்வைசர், கயிறு நன்றாக இருப்பதாக அவன்தான் சொன்னான் என்று அவனையே ஒப்புக்கொள்ளச் சொன்னார். பொய் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. எதிர்த்து நிற்க நெஞ்சில் தெம்பும் இல்லை. ஒரு நாள் காலை பஸ் நிலையத்திலிருந்து, 'என்னைத் தேடாதே' என்று ஒரு செய்தி வந்தது. அதோடு அவன் போன் அடங்கிவிட்டது.

அவன் போனானே தவிர, சூப்பர்வைசர் போகவில்லை. வாரம் தவறாமல் நான்கு மாடி ஏறி வருவார். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. பழம் வாங்கி வருவார், மாமனாரின் உடம்பை விசாரிப்பார், தம்பியிடமிருந்து தகவல் உண்டா என்று உருகி உருகிக் கேட்பார். மாமனார் அவருக்கு வைத்திருந்த பெயர் தேன்பாட்டில். போன வாரம் கிளம்பும்போது தேன்பாட்டில் வாசலில் நின்று, "தம்பிக்கு ஏதாவது ஆயிடக்கூடாதேன்னுதான் நான் தேடுறேன். மத்தவங்க தேடினா நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மற்றவர்கள் யார் என்று இவர்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்று மதியம் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவருடைய சாம்பல் நிறக் கார் காலையிலிருந்தே எதிர்ச்சாரியில் நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து யாரும் இறங்கவில்லை.

வானம் மூடிக் கிடந்தது. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது.

நர்சம்மா பின்னறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மருத்துவமனையின் கணினி உதவிப் பிரிவுக்குப் போன் செய்தாள். எடுத்தவருக்குக் கடுமையான ஜலதோஷம். வார்த்தைக்கு வார்த்தை மூக்கை உறிஞ்சினார்.

வைஃபையோடு அவள் மல்லுக்கட்டுவது இது முதல் நாள் அல்ல. சில வாரங்களாகவே இந்தத் தொல்லை. மேஜையை ஜன்னலோரம் நகர்த்திப் பார்த்தாள், சமையலறை மைக்ரோவேவை அணைத்து வைத்துப் பார்த்தாள், லேப்டாப்பைப் புதுப்பித்தும் பார்த்தாள். மாமனார் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அவருக்கு இதில் தனி ஆதங்கம். சிவப்பு விழுந்தால் நிற்கிறோம், பச்சை விழுந்தால் போகிறோம், இது பச்சையைக் காட்டிக்கொண்டே நிற்கிறதே, இப்படி ஒரு சிக்னலை என் சர்வீசில் பார்த்ததில்லை என்பார்.

ஜலதோஷக்காரர் பொறுமைசாலி. வீட்டு வைஃபையை லேப்டாப்பின் நினைவிலிருந்து அழித்துவிட்டு, பாஸ்வேர்டைப் புதிதாகப் போடச் சொன்னார். செய்தாள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஏதோ ஓர் அமைப்பை நிறுத்தச் சொன்னார். அதையும் செய்தாள். ஒரு பக்கத்தைத் திறந்தார்கள், வந்தது. இன்னொன்றைத் திறந்தார்கள், பாதியில் நின்றது. மூலையில் அடையாளம் மட்டும் முழுசாக நின்று சிரித்தது.

அவர் தும்மியபோது, வெந்நீர் குடிக்கக் கூடாதா, மணிக்கணக்காய்ப் பேசுகிறீர்களே என்று நர்சம்மா கேட்டாள். வேலைக்கு வந்ததிலிருந்து யாரும் இப்படிக் கேட்கவில்லை சிஸ்டர் என்று அவர் சிரித்தார். பிறகு, ஒரு சின்னப் பரிசோதனை பாக்கி இருக்கிறது என்றார். ரவுட்டர் பெட்டியை முழுக்க அணைக்க வேண்டும். அணைத்ததும் திரையில் உள்ள பட்டியலிலிருந்து உங்கள் வைஃபையின் பெயர் மறைந்துவிடும். மறைந்ததும் சொல்லுங்கள், மீண்டும் போட்டுப் பார்ப்போம்.

அவர்கள் வைஃபைக்குப் பெயர் 'நாலாம் மாடி.' கணவன் வைத்த பெயர். மேல்தளத்தில் இருக்கிறோம் என்று ஊருக்குத் தெரியட்டுமே என்று விளையாட்டாக வைத்தான்.

கூடத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார். அதை அணைக்கும்படி நர்சம்மா இங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"அணைச்சுத்தான் ஆகணுமா?" என்றார்.

"ஆமா மாமா. கொஞ்ச நேரம்தான்."

சற்றுத் தாமதித்து 'ம்' என்றார்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்டை வீட்டுப் பெயர்கள் மங்கலாய்க் கீழே கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, பலமாக, 'நாலாம் மாடி' இருந்தது. காத்திருந்தாள். பெயர் அசையவில்லை.

மாமனார் வேறு எதையாவது அணைத்திருப்பார் என்று நினைத்து எழுந்து கூடத்துக்குப் போனாள். பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. பிளக் மாமனாரின் கையில் இருந்தது. அதை அவர் ஏதோ செத்த எலியைப் பிடிப்பது போல விரல் நுனியில் பிடித்திருந்தார்.

திரும்பி வந்து பார்த்தாள். 'நாலாம் மாடி' அப்படியே நின்றது.

 உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் வெளியே வந்து கதவைப் பூட்டிய பிறகு, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது போல அவளுக்கு இருந்தது.

"என்ன சிஸ்டர், மறைஞ்சுதா?"

"இல்லை. அப்படியே இருக்கு."

மூக்கு உறிஞ்சும் சத்தம் நின்றது. பெட்டி நிச்சயமாக அணைந்துவிட்டதா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பிளக்கையே பிடுங்கியாயிற்று என்றாள். அடுத்து அவர் பேசியபோது குரலில் சிரிப்பு இல்லை.

"அப்ப அது உங்க பெட்டி இல்லை சிஸ்டர். உங்க பேரையே போட்டு, உங்க பாஸ்வேர்டையே போட்டு, பக்கத்துல யாரோ இன்னொரு பெட்டி வச்சிருக்காங்க. உங்க லேப்டாப்பு ஏமாந்து அதுகிட்ட போயிடுது. அதான் அறுந்து அறுந்து போகுது."

அப்படி யார் வைப்பார்கள் என்று கேட்டாள். வைப்பவர்கள் வைப்பார்கள், வீட்டில் யார் என்ன அனுப்புகிறார்கள், யாரிடமிருந்து என்ன வருகிறது என்று பார்க்க நினைப்பவர்கள் என்றார் அவர். நோயாளிகளின் விவரம் ஓடும் லேப்டாப் அது. இதை அவர் மேலே சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் அந்த நிமிடமே லேப்டாப்பைப் பூட்டிவிடுவார்கள்.

நர்சம்மா கெஞ்சவில்லை. கெஞ்சத் தெரியாது. ஷிஃப்ட் தொடங்கும்வரை பொறுக்க முடியுமா, அதற்குள் அது என்னவென்று கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று மட்டும் கேட்டாள். 

"நான் இன்னும் வெந்நீர் குடிக்கலை" என்றார் அவர். "குடிச்சிட்டு, சாப்பிட்டுட்டு வந்து உங்களுக்குப் போன் பண்றேன். அதுக்குள்ள பாருங்க."

உலகத்தில் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது பெரிய தர்மம் அல்ல, ஒரு சாப்பாட்டு நேரம்தான். ஆனால் அதை நமக்காக ஒதுக்கிவைக்கிறார்கள். ஆண்டவன் பெரும்பாலும் இவர்கள் வழியாகத்தான் வேலை பார்க்கிறான் என்று நர்சம்மாவுக்கு ஒரு நம்பிக்கை உண்டு.

வேறு யோசனைக்கே இடமில்லாமல் அவள் மனம் தெருவுக்குப் போனது. சாம்பல் நிறக் கார். காலையிலிருந்து யாரும் இறங்காத கார். கணவனிடமிருந்து ஒரு வரி வந்தால்கூடத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று காத்திருப்பவர் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்குள் வந்தபோதெல்லாம் கூடத்தில், பெட்டிக்கு எதிரேதான் உட்காருவார். பெட்டியின் அடியில் பாஸ்வேர்ட் எழுதி ஒட்டியிருந்ததே. இத்தனை வாரமாக நம் வீட்டுக்குள் அவர் கை நீண்டிருந்திருக்கிறது.

லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, நொண்டிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கீழே, எதிர்ச்சாரியில் கார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சட்டைக் கையின் வெள்ளை தெரிந்தது.

திரையைப் பார்த்தாள். பெயர் தேய்ந்து, ஒற்றைச் சிக்னல் கோட்டில் ஊசலாடியது.

கார் இல்லை.

கூடத்துக்கு வந்தாள். இரண்டு கோடு. பின்னறைக்குள் போனாள். மூன்று. வாசற்கதவைத் திறந்து நடைபாதையில் கால் வைத்தாள். நான்கு.

வீட்டை விட்டு விலக விலக வீட்டின் பெயர் பலம் பெற்றுக்கொண்டே போனது.

நடைபாதையின் கோடியில் லிஃப்ட். அதன் சுவரும் அவளுடைய பின்னறைச் சுவரும் ஒன்றுதான். லிஃப்ட் ஓடி வருஷங்கள் ஆகின்றன. கட்டடத்துக்காரர்கள் பழுது பார்க்க மறுத்துவிட்டார்கள், கூண்டு தரைத்தளத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறது. கம்பிக் கதவுக்குப் பின்னால் வெறும் இருட்டு. அந்த இருட்டுக்கு முன்னால் அவள் லேப்டாப்பை ஏந்தி நின்றாள். தாழ்த்திப் பிடித்தால் ஒரு கோடு குறைந்தது, உயர்த்தினால் திரும்பி வந்தது. அடியில் இருந்து வரவில்லை இது. அண்ணாந்து பார்த்தாள்.

மேலே மொட்டை மாடி. அதன் மீது லிஃப்டின் இயந்திர அறை.

"மழை வருதும்மா. மேல போகாதே."

மாமனார் பின்னால் நின்றிருந்தார். செருப்பு மாட்டியிருந்தார். கையில் துணியால் மூடிய ஒரு பாத்திரம். அவர் தினமும் இந்த நேரத்தில் காற்று வாங்க மொட்டை மாடிக்குப் போவது வழக்கம். ரிட்டயர் ஆனவருக்கு ஒரு பொழுதுபோக்கு என்று அவளும் விட்டிருந்தாள். காற்று வாங்கப் போகிறவர் பாத்திரத்தோடு போவதை இன்றுதான் பார்க்கிறாள். பெட்டி அணைந்த பின்னும் பெயர் நின்றதே, அதைப் பற்றி இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை என்பதும் இப்போதுதான் உறைத்தது.

"மாமா, மேல யாரு?"

அவர் பாத்திரத்தைப் பார்த்தார். கம்பிக் கதவைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"சத்தியம் வாங்கிட்டாம்மா. உனக்குத் தெரிஞ்சா நீ பொய் சொல்ல வேண்டி வரும், உனக்குப் பொய் வராது, முகத்துல தெரிஞ்சிடும்னான்."

அவர் தணிந்த குரலில் சொன்னதன் சுருக்கம் இதுதான். பஸ் நிலையத்திலிருந்து எங்கெங்கோ அலைந்துவிட்டு அவன் சில வாரங்களுக்கு முன் திரும்பி வந்தான். இயந்திர அறையின் சாவி எப்போதும் அவனிடம்தான் இருக்கும். பழைய சிம்மைத் தூக்கி எறிந்துவிட்டான். வெறும் போனை வைத்துக்கொண்டு, வைஃபை மட்டும் கேட்டான். வீட்டுக்குப் புதுப் பெட்டி வாங்கியபோது பழையதைப் பரணில் போட்டிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தார். கீழே இருக்கும் பெட்டியின் சிக்னலை அது வாங்கி மேலே கொடுக்கும்படி அவன் செய்துகொண்டான்.

புதுப் பெட்டி வந்த அன்று கடைக்காரர் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டதும் நர்சம்மாவுக்கு நினைவிருந்தது. பழைய பெயரே இருக்கட்டும், பழைய பாஸ்வேர்டே இருக்கட்டும், பெட்டிதானே மாறுகிறது, வீடா மாறுகிறது என்று சொன்னவர் இதே மாமனார்தான். ஒவ்வொரு போனிலும் மறுபடி அடித்துக்கொண்டிருக்க அவருக்குச் சோம்பல். அதனால் இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர். லேப்டாப் பாவம், அதற்கு எது வீடு என்று எப்படித் தெரியும்? சுவருக்கு அப்பால் பலமாகக் கூப்பிட்ட குரலிடம் போய்க்கொண்டிருந்தது. அவன் போன் பேசியது போக, அந்தக் குரலிடம் கொடுக்க மிச்சம் எதுவும் இல்லை.

"அது உன் வேலையில போய் விழும்னு எனக்குத் தெரியலைம்மா" என்றார் மாமனார். "பெட்டியை அணைக்கச் சொன்னியே, அப்பத்தான் புரிஞ்சுது."

அவள் பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். அதை லேப்டாப்பின் மேல் வைத்து, படியேறினாள். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் பல்லைக் கடித்தது.

மொட்டை மாடியில் காற்று ஓங்கி அடித்தது. தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால், அபாயம் என்று மண்டை ஓடு வரைந்த இரும்புக் கதவு. அவள் தட்டவில்லை. தள்ளினாள். திறந்துகொண்டது.

கிரீஸ் வாடை. அறையை அடைத்துக்கொண்டு லிஃப்டின் பழைய மோட்டார். அதன் மேல் பச்சை விளக்குகள் மினுக்க அவர்களுடைய பழைய பெட்டி. பக்கத்தில் சுருட்டிய பாய். தாடியும் ஒடுங்கிய தோளுமாய் ஒருவன் போனைக் காதில் வைத்தபடி, ஆசிரியர் முன் நிற்கும் பையனைப் போலத் தலைகுனிந்து நின்றிருந்தான். போனில் யாரோ உரக்கத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவளைப் பார்த்ததும் போனைத் தாழ்த்தினான்.

"நர்சம்மா" என்றான். 

இந்தச் சில மாதங்களில் இவனைப் பார்த்தால் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று அவள் சேர்த்து வைத்திருந்தாள். நேரில் பார்த்தபோது அவன் கழுத்து எலும்புதான் கண்ணில் பட்டது. பாத்திரத்தை மோட்டாரின் மேல் வைத்தாள்.

"யாரு போன்ல?"

"ஆலையில கால் போச்சே, அவர். இன்னைக்கு லைன் அறுந்துடுச்சு, இது அவர் முன்னாடி அனுப்பின குரல் பதிவு. தினமும் பேசுவேன். அவர் திட்டுவார், நான் கேட்டுக்கிட்டு இருப்பேன். வேற என்ன செய்ய முடியும் என்னால? அதுக்குத்தான் இந்தப் பெட்டி."

அவள் தரையில் உட்கார்ந்தாள். கோபத்தில் அல்ல, கால் தாங்கவில்லை. நேற்று நடந்ததை உள்ளபடி சொன்னாள். கோடுகள் நின்றது, பாட்டு டீச்சரின் கோடு சிவந்தது, தலைமை சிஸ்டர் சொன்னது, உதவிப் பிரிவுக்காரர் கொடுத்திருக்கும் சாப்பாட்டு நேரம். 

"அந்த டீச்சரம்மா…"

"இருக்காங்க. வேற ஒரு நர்ஸ் பார்த்துட்டா."

 அவன் கையை நீட்டிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினான். பச்சை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அவிந்தன. அவள் மடியில் இருந்த திரையில் நான்கு கோடுகளும் சட்டென்று மறைந்தன. 'நாலாம் மாடி' என்ற பெயரே பட்டியலில் இல்லை. கீழே பெட்டி இன்னும் அணைந்துதான் கிடந்தது.

அவளுக்கு மனம் பொறுக்கவில்லை. வேலை தப்பியது, ஆனால் இவனுக்கு இருந்த ஒரே கதவு அடைபட்டுப்போனது. இந்தப் பெட்டிக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் போதுமே என்றாள். லேப்டாப் குழம்பாது. அவன் இங்கேயே இருக்கலாம், அவரோடு பேசலாம், நானும் எதுவும் பார்க்காதவள் போல இருந்துவிடுகிறேன்.

அவன் வயரைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"வேண்டாம்" என்றான். "நான் வாயைத் திறக்காம ஓடினேன், அவருக்கு நியாயம் கிடைக்கலை. ஒளிஞ்சு உட்கார்ந்தேன், இன்னொரு அம்மா உயிர் போகப் பார்த்தது. இன்னும் எங்க போய் ஒளியறது? நீ கீழ போ. டியூட்டிக்கு நேரமாச்சு."

"நீங்க?"

"அந்தக் கார் இன்னும் நிக்குதா?"

நிற்கிறது என்றாள். அவன் தலையசைத்தான். அந்தத் தலையசைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்த முகம் அது, பயந்த முகமாகவும் பார்த்திருக்கிறாள், அசடு வழியும் முகமாகவும் பார்த்திருக்கிறாள். இப்போது அதில் பயம் துளியும் இல்லை. பயம் இருந்த இடத்தில் வேறெதுவும் வந்து உட்காரவும் இல்லை.

சாப்பிட்டுவிட்டு வாருங்கள், எதுவானாலும் மாமாவையும் வைத்துக்கொண்டு பேசலாம் என்று சொல்லி எழுந்தாள். அவன் சரி என்றான். பாத்திரத்தை அவன் திறக்கவில்லை.

கீழே வந்தபோது மாமனார் பெட்டியைப் போட்டு வைத்திருந்தார். லேப்டாப் ஒரு பெயரைத்தான் கண்டது, அதோடு இணைந்தது. பின்னறையில் இரண்டு கோடுதான் வந்தது. ஆனால் அந்த இரண்டும் உண்மையான கோடுகள். பக்கங்கள் தடையில்லாமல் திறந்தன.

ஜலதோஷக்காரர் சொன்னபடி அழைத்தார். அது என்ன பெட்டி என்று கேட்டார். நர்சம்மா ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்க வீட்டுப் பெட்டிதான் சார். பழசு. மாடியில எங்க வீட்டுக்காரர் போட்டு வச்சிருந்தார், எனக்குத் தெரியாது. இப்ப பிடுங்கியாச்சு."

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அவர் அவள் லேப்டாப்பைத் தன் பக்கத்திலிருந்து சோதித்துப் பார்த்தார். நிலையாக இருக்கிறது, மேலே சொல்ல எதுவும் இல்லை என்றார். வைக்கும் முன், வெந்நீருக்கு ஜலதோஷம் நிஜமாகவே கேட்கிறது சிஸ்டர் என்றார்.

ஷிஃப்ட் தொடங்கியது. திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன. அவற்றைப் பார்த்ததும், தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் வீடு வந்து சேர்ந்தது போல அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. ஹெட்போனை ஒரு காதில் மாட்டி, மறு காதை வீட்டுக்கு விட்டாள். தலைமை சிஸ்டரிடமிருந்து ஒரே வரி வந்தது. இன்று முழுவதும் உன் இணைப்பை நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மழை பிடித்துக்கொண்டது.

படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கனத்த உடம்புக்காரர், தளத்துக்குத் தளம் நின்று ஏறுகிறவர். முதல் மாடி. இரண்டாவது. மாமனார் வாசலுக்குப் போய் நின்றார்.

அதே நேரத்தில் மேலே இரும்புக் கதவு கிரீச்சிட்டது. காலடிகள் இறங்கி வந்தன. அவசரமில்லாத, ஒரே சீரான காலடிகள்.

நர்சம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழப் போனாள்.

திரையில் ஒரு கோடு சிவந்தது.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். போன வாரம்தான் வீடு திரும்பியவர். துடிப்பு தாறுமாறாக ஓடியது. அவள் எழவில்லை. விரல்கள் தாமாகவே எண்ணை அழுத்தின. இரண்டாவது மணிக்கு அவர் எடுத்தார், பேச்சு வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது.

"ஐயா, நான் நர்ஸ் பேசுறேன். இருக்கிற இடத்துலயே உட்காருங்க. படுக்காதீங்க. சுவத்துல சாஞ்சுக்குங்க."

வாசலில் தேன்பாட்டிலின் குரல் கேட்டது. "அடடே, தம்பி, இங்கயா இருக்கீங்க" என்றது. அதில் ஆச்சரியமே இல்லை.

ஆம்புலன்ஸுக்கான பொத்தானை அழுத்தினாள். முகவரி சரிதானா என்று பார்த்தாள். கதவு திறந்திருக்கிறதா என்று தபால்காரரிடம் கேட்டாள். பக்கத்து வீட்டம்மா வந்திருக்கிறார், அவர் திறப்பார் என்று மூச்சுக்கு நடுவே பதில் வந்தது.

வெளியே கணவன் ஏதோ சொன்னான். என்னவென்று மழையில் கேட்கவில்லை. பிறகு காலடிகள். வீட்டுக்குள் வர வேண்டிய காலடிகள், இல்லையென்றால் கீழே இறங்க வேண்டிய காலடிகள், மேலே ஏறின. இரண்டு ஜோடி. ஒன்று கனத்தது, மூச்சு வாங்குவது. இன்னொன்று அதற்குப் பின்னால், அதே சீரான நடை.

மாமனார் அறை வாசலில் வந்து நின்றார். 

"அவரை மாடிக்குக் கூட்டிட்டுப் போறாம்மா. உங்களுக்கு ஒண்ணு காட்டணும்கிறான். என்னை வராதேன்னுட்டான்."

மேலே இரும்புக் கதவு சாத்தும் சத்தம். அடுத்து உள்ளிருந்து தாழ்ப்பாள். பயம் இல்லாத அந்த முகமும் தேன்பாட்டிலும் தாழுக்கு உள்ளே.

நர்சம்மா மாமனாரைப் பார்த்துக் கையை மேல்நோக்கி ஆட்டினாள். போங்கள், போங்கள் என்று. அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறும் சத்தம் கேட்டது. வயசான கால்கள், ஒவ்வொரு படியிலும் ஒரு யோசனை.

அவள் கால் பாதம் தரையில் ஊன்றி, எழும் நிலையிலேயே இருந்தது. கண் திரையை விட்டு நகரவில்லை. சிவந்த கோடு எகிறிக் குதித்தது, விழுந்தது, மீண்டும் எகிறியது. இணைப்பு இன்று ஒரு நூல்கூட அறவில்லை. அறுந்திருந்தால் அந்தச் சாக்கில் எழுந்து ஓடியிருப்பாளோ என்னவோ.

மேலே ஏதோ கனமானது தரையில் இழுபட்டது.

"அம்மா" என்றார் தபால்காரர். பயந்த குழந்தையின் குரல் போல இருந்தது அது. "அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

நர்சம்மா நாற்காலியில் முழுவதுமாக உட்கார்ந்தாள். இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டினாள்.

"இருக்கேன் ஐயா. எங்கேயும் போகலை. மெதுவா மூச்சை விடுங்க."